500 மி.லீ. குழம்பிலிருந்து டாக் நொதியம்: நுவரெலியாவில் செய்து பார்த்த பதிவு

2022 ஏப்ரலில் எங்கள் ஃப்ரீசரில், டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதியக் குழாய் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதிலும் 20 மைக்ரோலீற்றருக்குக் குறைவு. கந்தப்பளையிலிருந்தும் வெலிமடைப் பக்கமிருந்தும் விவசாயிகள் கொண்டுவந்து கொடுத்த விதைக்கிழங்குப் பைகள் மேசைக்கு அடியில் வரிசையாகக் கிடந்தன. புதிய நொதியத்துக்கு விலை கேட்டிருந்தோம். பதில் வந்து சேர்வதற்குள் ரூபாய் விழுந்துவிட்டது. டாலர் 200 ரூபாயாக இருந்தபோது போட்ட கணக்கு, அது 350ஐத் தாண்டிய பிறகு எதற்கும் உதவவில்லை. காசு இருந்தாலும் பொருள் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது.

நான் வேலை செய்வது நுவரெலியா ஊருக்குச் சற்று வெளியே உள்ள ஒரு சிறிய தாவர நோய் ஆய்வுகூடத்தில். எங்களிடம் அதிகமாக வருவது கிழங்கின் பற்றீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பற்றீரியா செய்யும் வேலை. முற்றிய நோயைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. வாடிய செடியின் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டால் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் போல ஒன்று இறங்கும். கிழங்கை வெட்டினால் வளையத்தில் பால் போலச் சளி கசியும். பிரச்சினை, வெளியே எந்த அடையாளமும் காட்டாத விதைக்கிழங்கில்தான். அதை நட்டால் நிலத்துக்கே நோய் இறங்கிவிடும். அதைப் பிடிக்க எங்களுக்கு பிசிஆர் வேண்டும்: சூடாக்கி ஆற்றும் சுற்றுகளில் நோய்க்கிருமியின் டிஎன்ஏத் துண்டைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கும் முறை. பிசிஆருக்கு டாக் வேண்டும்.

"நாமே செஞ்சா என்ன?" என்று முதலில் கேட்டது எங்கள் டெக்னீஷியன் அண்ணன். எங்கள் சேர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செய்யலாம். ஆனா செஞ்சது சரியான்னு காட்டுறதுதான் பெரிய வேலை" என்றார். அந்த வாக்கியத்தின் எடை எனக்கு ஜூன் மாதத்தில்தான் புரிந்தது.

டாக் என்பது தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பற்றீரியாவின் நொதியம். 1966இல் தோமஸ் புரொக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்று ஒன்றில் எடுத்த மாதிரியிலிருந்து அந்தப் பற்றீரியாவை வளர்த்தார்கள். 1969இல் பெயரிட்டு வெளியிட்டார்கள். 1976இல் அதன் பாலிமரேஸ் தனியே பிரிக்கப்பட்டது. 1983இல் கேரி முல்லிஸுக்கு பிசிஆர் யோசனை வந்தபோது பயன்பட்டது சூட்டில் செத்துவிடும் நொதியம். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. டாக் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 95 டிகிரியில் வைத்தாலும் அதன் பாதி வலிமை போக ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். 832 அமினோ அமிலங்கள், 94 கிலோடால்டன் எடை. இதன் மரபணுவை ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்குள் வைத்து, ஈ.கோலையையே நொதியம் செய்யவைக்கும் முறைகள் 1990களின் தொடக்கத்திலேயே அச்சாகிவிட்டன. 1993இல் வந்த, புளூத்தேரோ என்ற ஆய்வாளரின் குறுக்குவழி முறையில், புரதத்தைப் பிரிக்கும் விலையுயர்ந்த நிரல்கள் எதுவும் தேவையில்லை: சூடு, உப்பு, ஒரு சவ்வுப் பை, அவ்வளவுதான். காப்புரிமைகளும் எப்போதோ காலாவதியாகிவிட்டன. அந்த வழியைத்தான் பிடித்தோம்.

டாக் மரபணு உள்ள பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் கண்டிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்திலிருந்து தபாலில் வந்தது. வடிதாளில் ஒரு துளி விட்டு உலர்த்தி, பென்சிலால் வட்டம் போட்டு, உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தார்கள். வட்டத்தை வெட்டி 50 மைக்ரோலீற்றர் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) ஊறவைத்தேன். கல்சியம் குளோரைட்டில் பதப்படுத்திய ஈ.கோலை செல்களோடு கலந்து, 42 டிகிரியில் ஒரு நிமிடம் சூடு காட்டி, பிளாஸ்மிட் ஏறாத செல்களைக் கொல்லும் அம்பிசிலின் மருந்து கலந்த தட்டில் பரப்பினேன். மறுநாள் 30க்கு மேல் வெள்ளைப் புள்ளிகள். இந்தப் பகுதியில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் அடுத்ததில், அதுவும் நான் எதிர்பார்க்கவே இல்லாத இடத்தில் வந்தது.

பற்றீரியா வளர்க்கும் குழம்பு எளிமையானது. ஒரு லீற்றருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 5 கிராம், உப்பு 10 கிராம். கலக்கி, நீராவி அமுக்கத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தால் முடிந்தது. எங்களுடையது அளவுமானியில் அமுக்கத்தை மட்டும் காட்டும் பழைய வகை. 15 பவுண்ட் அமுக்கம், 15 நிமிடம் என்று எல்லாக் கையேட்டிலும் இருப்பதுபோலவே வைத்தேன். எதையும் சேர்க்காமல் 37 டிகிரியில் விட்டுப் பார்த்த சோதனைக் குடுவை மறுநாள் கலங்கியிருந்தது. மறுபடி செய்தேன்; மறுபடி கலங்கியது. மூடியை, பஞ்சை, கையுறையைச் சந்தேகப்பட்டேன்.

காரணத்தைப் பிடித்தது அண்ணன். "தங்கச்சி, இங்க பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்டார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொழும்பிலிருந்து வந்து குடியேறியவர்கள் முதலில் சொல்லும் குறையே பருப்பு வேகாததுதான். ஆட்டோகிளேவிலும் அதே கதை. அளவுமானி காட்டும் 15 பவுண்ட் என்பது வெளியே உள்ள காற்றமுக்கத்துக்கு மேலே உள்ள அமுக்கம். கடற்கரையில் வெளிக்காற்று 14.7 பவுண்ட், கூட்டினால் 29.7, அதற்குரிய நீராவி 121 டிகிரி. இங்கே வெளிக்காற்று சுமார் 11.7 பவுண்ட்தான். கூட்டினால் 26.7. உள்ளே இருந்தது 121 அல்ல, 118க்குக் கிட்ட. மூன்று டிகிரி சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் சூட்டைத் தாங்கும் வித்துகளைக் கொல்ல அந்த 118இல் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் வேண்டும். அமுக்கத்தை 18 பவுண்டுக்கு ஏற்றலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த வால்வின் வயதுக்கு அது வேண்டாம் என்றார். அவர் சொன்னதுதான் சரி. அமுக்கம் 15இலேயே இருக்க, நேரத்தை 40 நிமிடமாக்கினோம். குழம்பின் நிறம் கொஞ்சம் கறுத்தது, ஆனால் மூன்று நாள் வைத்தும் கலங்கவில்லை. மலைநாட்டில் இந்த வேலை செய்யும் யாராவது இதைப் படித்தால், மற்றதை எல்லாம் விட்டாலும் இந்த ஒரு பத்தியை ஆட்டோகிளேவ் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அடுத்தது வளர்ப்பு. 2 லீற்றர் குடுவையில் 500 மி.லீ. குழம்பு, அம்பிசிலின், முதல்நாள் இரவு வளர்த்த கலவையில் 5 மி.லீ. குடுவையில் முக்கால் பங்கு வெறுமையாக இருப்பது முக்கியம்; பற்றீரியாவுக்குக் காற்று வேண்டும். 37 டிகிரியில் குலுக்கிக்கொண்டே, ஒளி அடர்த்தி (குழம்பு கலங்கிய அளவு) 0.8 வந்ததும் ஐபிடிஜி போட வேண்டும். லீற்றருக்கு 125 மில்லிகிராம் கணக்கில் எங்களுக்கு 62.5 மில்லிகிராம். அந்த இரசாயனம் உள்ளே போனதும் மரபணுவின் பூட்டு திறந்து, செல் டாக் செய்யத் தொடங்கும். பிறகு 16 முதல் 20 மணி நேரம் விட வேண்டும்.

அந்த 16 மணி நேரம் கரண்ட் எங்கே இருக்கிறது? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். நாங்கள் தொடங்கிய நேரத்தில் அது குறைந்திருந்தாலும், எங்கள் பகுதிக்குப் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போகும். அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஐபிடிஜி போடும் நேரத்தை அதற்கேற்பப் பின்னோக்கிக் கணக்கிட்டோம். எப்படிப் போட்டாலும் ஒரு வெட்டாவது நடுவில் வந்து விழுந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுக்கி நின்றால் செல்கள் அடியில் படிந்து மூச்சுத் திணறும்.

அதனால் கையாலேயே குலுக்கினோம். ரெஜிபோம் பெட்டிக்குள் சுடுதண்ணீர் போத்தல்கள் நான்கு, நடுவில் குடுவை, ஒரு வெப்பமானி, மேலே எங்கள் வீட்டுக் கம்பளி. அம்மாவுக்குத் தோட்டத்தில் கொடுத்தது. கொழுந்துக்குப் போகும் காலைகளில் அவர் போர்த்திக்கொண்டது. கால் மணி நேரம் நான், கால் மணி நேரம் அண்ணன் என்று மாறி மாறிப் பெட்டியைப் பிடித்து வட்டமாக ஆட்டினோம். வெப்பம் 35க்கும் 38க்கும் இடையில் நின்றது. வெளியே மழை, அறைக்குள் 12 டிகிரி. கரண்ட் வந்து குலுக்கி மறுபடி சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டபோது என் தோள்பட்டை இரண்டும் கழன்று விழும் போலிருந்தது.

மறுநாள் காலையில் சென்ட்ரிஃபியூஜில் இறக்கியபோது மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவான செல் கட்டி கிடைத்தது. கழுவி, 25 மி.லீ. பஃபரில் கரைத்து, மி.லீ.க்கு 4 மில்லிகிராம் லைசோசைம் சேர்த்துக் கால் மணி நேரம் வைத்தோம். லைசோசைம் செல்லின் சுவரை அரிக்கும். கலவை கோழை போல இழுபட ஆரம்பிக்கும். செல்லுக்குள் இருந்த டிஎன்ஏ வெளியே வருவதால்தான் அந்த இழுவை. அந்த டிஎன்ஏவை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ட்வீன் 20, என்பி-40 என்ற சவர்க்காரங்கள் கலந்த கரைசல் இன்னொரு 25 மி.லீ. அதில் பிஎம்எஸ்எஃப் என்ற நஞ்சும் உண்டு. புரதத்தை அரிக்கும் நொதியங்களை அடக்குவதற்காகச் சேர்ப்பது. கையுறையும் புகைக்கூண்டும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

பிறகு 75 டிகிரியில் ஒரு மணி நேரம். இந்த முறையின் அழகு முழுவதும் இந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. ஈ.கோலை நம் குடலின் சூட்டுக்குப் பழகிய உயிர். அதன் புரதங்கள் 75 டிகிரியில் முட்டை வெள்ளைக்கரு போல வெந்து கட்டியாகிவிடும். வெந்நீரூற்றிலிருந்து வந்த டாக்குக்கு அந்தச் சூடு சொந்த ஊர் போல. பத்தாவது நிமிடத்தில் கலவை திரிந்த பால் போல ஆனது. தண்ணீர்த் தொட்டியின் முகப்பில் 75 என்று காட்டினாலும் குழாய்க்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தபோது 70தான் இருந்தது. முகப்பு எண்ணை நம்பாமல், உள்ளே 75 வந்த பிறகுதான் கடிகாரத்தைத் தொடங்கினோம். ஆறியதும் 2 மி.லீ. குழாய்களில் பிரித்து முழு வேகத்தில் சுற்றினோம். வெந்த புரதமெல்லாம் அடியில் வெள்ளைக் கல்லாக இறுகியது. மேலே தெளிந்த, இளமஞ்சள் நீர் 45 மி.லீ. டாக் அதற்குள்.

அந்த நீரிலிருந்து புரதத்தை உப்பால் வெளியே தள்ள வேண்டும். அமோனியம் சல்பேட், 100 மி.லீ.க்கு 30 கிராம் வீதம், எங்களுக்கு 13.5 கிராம். பெயரைக் கேட்டதும் அப்பா, "அது தேயிலைக்குப் போடுற உரமாச்சே" என்றார். அதேதான். முந்தைய வருடம் இரசாயன உரத்துக்குத் தடை வந்த பிறகு மலையில் எல்லாரும் தேடிக்கொண்டிருந்த உரங்களில் ஒன்று, எங்கள் அலமாரியில் ஆய்வுகூடத் தரத்தில் ஒரு போத்தல் இருந்தது. உர மூட்டையில் உள்ளதை இதற்குப் போடக் கூடாது. அதில் இருக்கும் உலோகத் துகள்கள் நொதியத்தைக் கெடுக்கும்.

உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கிச் சுற்றி எடுத்தேன். குழாயின் அடியில் ஒன்றுமே இல்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்து, நீரை ஒரு பீக்கருக்குள் ஊற்றத் தொடங்கினேன். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு விதி உண்டு: நொதியம் கையில் வரும்வரை எந்த நீரையும் தொட்டிக்குள் கொட்டக் கூடாது. அந்த விதிதான் காப்பாற்றியது. பீக்கரில் ஊற்றிய நீரின் மேல், ஆறிய பாலின் ஆடை போல மெல்லிய படலம் மிதந்தது. குழாய்களின் சுவரிலும் அதே படலம் ஒட்டியிருந்தது. உப்புக் கரைசல் கனமானது. சவர்க்காரத்தோடு சேர்ந்த புரதம் இலேசானது. அடியில் இறங்காமல் மேலே ஏறிவிட்டது. படலம் முழுவதையும் சுரண்டிச் சேர்த்து 20 மி.லீ. பஃபரில் கரைத்தோம். குழாயின் உள்சுவர்களையும் அதே பஃபரால் கழுவிச் சேர்த்தோம். முதல் தடவை செய்பவர்கள் அடியைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள்.

அடுத்தது சவ்வுப் பை. கரைசலைப் பைக்குள் கட்டி, 50 சதவீதம் கிளிசரோல் கலந்த சேமிப்புப் பஃபருக்குள் போட்டு, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை பஃபரை மாற்ற வேண்டும். உப்பு வெளியே போகும்; கிளிசரோல் உள்ளே வரும்; தண்ணீர் வெளியேறுவதால் பை சுருங்கும். நிரம்பிய பை மறுநாள் வாழைப்பழத் தோல் போலத் தொங்கியதைப் பார்த்துப் பயந்தேன். கசிவு இல்லை, அதன் இயல்பே அப்படித்தான். குளிர்சாதனம் கரண்ட் போய் நின்றபோது பாத்திரத்தை வடக்குப் பக்க ஜன்னலோரம் வைத்தோம். நுவரெலியா இரவு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. கடைசியில் பையில் இருந்ததை அதே அளவு சேமிப்புப் பஃபரோடு கலந்தபோது 13 மி.லீ. கிடைத்தது. சின்னக் குழாய்களில் பிரித்து, மறை 20 டிகிரியில் வைத்தோம். கிளிசரோல் இருப்பதால் உறையாது. கரண்ட் சில மணி நேரம் போனாலும் கெடாது.

சரி, இது எவ்வளவு வலிமையானது? கம்பனிகள் யூனிற் கணக்கில் விற்கின்றன: 30 நிமிடத்தில் 10 நனோமோல் டிஎன்டிபியை (டிஎன்ஏவின் கட்டுமானத் துண்டுகள்) டிஎன்ஏவில் சேர்க்கும் அளவு ஒரு யூனிற். அதை நேராக அளக்கக் கதிரியக்கப் பொருள் வேண்டும், எங்களிடம் இல்லை. அதனால்தான் கடைசிக் கடைக் குழாயிலிருந்த சொட்டுகளைச் செலவழிக்காமல் பாதுகாத்தோம். இரண்டையும் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், ஒரே பிசிஆரில் பக்கம் பக்கமாக ஓட்டினோம். பஃபரும் நாங்களே கலந்ததுதான். பெருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏத் துண்டுகளும் டிஎன்டிபியும் மட்டும் முன்பு வாங்கிவைத்தவை.

பெருகிய டிஎன்ஏவை ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டினால் நீளத்துக்கேற்பப் பட்டையாகத் தெரியும். முதல் ஜெல் அதிர்ச்சி தந்தது. எங்கள் நொதியத்தை நீர்க்காமல் போட்ட வரிசையில் பட்டையே இல்லை, மங்கலான இழுவை மட்டும். அண்ணனின் முகம் வாடியது. அடுத்த வரிசைகளைப் பார்த்ததும் புரிந்தது: எட்டில் ஒன்றில் பட்டை பளிச்சென்று இருந்தது, பதினாறில் ஒன்றிலும், முப்பத்திரண்டில் ஒன்றிலும். அளவுக்கு மிஞ்சினால் டாக் தன் வேலையைத் தானே குழப்பிக்கொள்ளும். கூடவே வரும் மிச்ச உப்பும் இடைஞ்சல் செய்யும். எங்களுடையது 64இல் ஒன்று வரை பட்டை காட்டியது. மைக்ரோலீற்றருக்கு 5 யூனிற் கொண்ட கடைக் குழாய் 32இல் ஒன்றோடு நின்றது. அப்படியானால் எங்களுடையது ஏறத்தாழ 10 யூனிற். 13 மி.லீ.க்கு 130,000 யூனிற். 500 யூனிற் கொண்ட கடைக் குழாய் 260க்குச் சமம். சேர் அந்தக் கணக்கை இரண்டு தடவை தானே எழுதிப் பார்த்தார்.

கணக்கை எழுதி முடித்துவிட்டு, "எம்ப்டி எங்க?" என்று கேட்டார். எம்ப்டி என்பது டிஎன்ஏ எதுவும் போடாமல், மற்ற எல்லாம் போட்ட வெற்றுக் குழாய். ரால்ஸ்டோனியாவுக்கு நாங்கள் பயன்படுத்துவது 759, 760 என்ற எண்களால் அறியப்படும் பிரைமர் சோடி; நோய் இருந்தால் சுமார் 280 எழுத்து நீளப் பட்டை வரும். வெற்றுக் குழாயின் வரிசை கறுப்பாக, சுத்தமாக இருந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

இரண்டு வாரம் கழித்து, மண் பற்றீரியாக்களை ஆராயும் ஒரு தங்கச்சி எங்கள் நொதியத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு வேண்டியது 16எஸ் மரபணு, எல்லாப் பற்றீரியாக்களிலும் இருப்பது. மாலையில் ஜெல் படத்தோடு திரும்பி வந்து, "அக்கா, எம்ப்டியில பேண்ட் இருக்கு" என்றாள். 1,500 அளவில், மாதிரிகளுக்குச் சமமான பிரகாசத்தோடு ஒரு பட்டை.

பத்து நாள் அதைத் துரத்தினேன். தண்ணீரை மாற்றினேன். பிரைமரைப் புதிதாகக் கரைத்தேன். மேசையையும் பிப்பெற்றையும் பிளீச்சால் துடைத்தேன். பட்டை அசையவில்லை. கடைசியில் ஒரே கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கடை நொதியத்தின் கடைசிச் சொட்டு, மற்றதில் எங்களுடையது. கடை நொதியத்தின் வெற்றுக் குழாய் சுத்தம், எங்களுடையதில் பட்டை. அம்பிசிலின் எதிர்ப்பு மரபணுவுக்கான பிரைமரைப் போட்டபோது இன்னும் தடிப்பாக வந்தது. அது பிளாஸ்மிடில் உள்ள மரபணு. அப்போதுதான் லைசோசைம் போட்டபோது கோழை போல இழுபட்டது நினைவுக்கு வந்தது. ஈ.கோலையின் டிஎன்ஏ சூட்டில் புரதத்தைப் போலக் கட்டியாவதில்லை. அதில் ஒரு பங்கு உப்பு, பை எல்லாவற்றையும் தாண்டி நொதியத்தோடு வந்துவிட்டது. ஈ.கோலையில் ஒரு செல்லுக்கு 16எஸ் மரபணு ஏழு பிரதிகள் உண்டு. பிசிஆருக்கு அதன் தூசியே போதும். ரால்ஸ்டோனியா பிரைமருக்கு ஈ.கோலையில் பிடிப்பு இல்லாததால்தான் எங்கள் சோதனையில் அது தெரியவில்லை.

அன்றைக்கே எல்லாக் குழாய்களிலும் சிவப்பு மையால் "16எஸ் வேண்டாம்" என்று எழுதினேன். ஏற்கனவே எங்களிடமிருந்து குழாய் வாங்கிப்போன இரண்டு இடங்களுக்கும் தொலைபேசியில் சொன்னேன். தயக்கமாக இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருவருடைய மாத வேலை அந்தப் பட்டையை நம்பிப் போய்விடக்கூடும்.

இரண்டாவது தொகுதியில் லைசோசைமுக்குப் பிறகு, சூட்டுக்கு முன், டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியம் சேர்த்தோம். அது பிறகு 75 டிகிரியில் ஈ.கோலைப் புரதங்களோடு தானும் செத்துவிடும் என்பதே திட்டம். முதல் முயற்சி பலிக்கவில்லை. டிஎன்ஏஸுக்கு மக்னீசியம் வேண்டும். 1 மில்லிமோலர் போட்டிருந்தேன். பஃபரிலேயே 1 மில்லிமோலர் ஈடிடிஏ இருந்தது. அது மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். டிஎன்ஏஸுக்கு எதுவும் மிஞ்சவில்லை. மூன்றாவது தொகுதியில் மக்னீசியத்தை 10 மில்லிமோலர் ஆக்கி, 37 டிகிரியில் அரை மணி நேரம் விட்டோம். கலவையின் இழுவை கண்முன்னே போய், தண்ணீர் போல ஓடியது. பார்த்ததும் வேலை நடந்துவிட்டது என்று தெரிந்தது.

ஆனாலும் டிஎன்ஏஸ் உயிரோடு மிஞ்சியிருந்தால் அது மாதிரியின் டிஎன்ஏவையே தின்றுவிடும். அதனால் முடிந்த நொதியத்தோடு நல்ல பிளாஸ்மிட்டை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஜெல்லில் ஓட்டினோம், முழுதாகவே இருந்தது. 16எஸ் வெற்றுக் குழாய் 30 சுற்றில் சுத்தம். 35 சுற்றில் மெல்லிய நிழல் தெரிகிறது. அந்தத் தங்கச்சிக்கு 30 சுற்று போதுமாக இருந்தது. அதற்கு மேல் வேண்டியவர்களுக்கு இந்த நொதியத்தைக் கொடுப்பதில்லை.

கழிவைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். மரபணு மாற்றிய, அம்பிசிலினுக்கு அடங்காத பற்றீரியா இது. எங்கள் கட்டடத்தின் வடிகால் கீழே மரக்கறித் தோட்டங்களுக்குள் போகிறது. குழம்பு, குழாய், கையுறை எல்லாவற்றையும் அதே 40 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே விட்டோம். அனுமதியும் வசதியும் உள்ள ஆய்வுகூடத்துக்கு வெளியே இதைச் செய்யக் கூடாது.

ஆகஸ்டில் நடுகை தொடங்கும் முன், மேசைக்கு அடியில் இருந்த பைகளையும் புதிதாக வந்தவற்றையும் மூன்றாம் தொகுதி நொதியத்தால் ஓட்டினோம். கந்தப்பளை விவசாயி ஒருவருடையவை ஒன்பது மாதிரிகள். வெற்றுக் குழாய் கறுப்பு. நோய் உறுதியான மாதிரியில் 280இல் பட்டை. அவருடைய ஒன்பதில் நான்காவதிலும் ஏழாவதிலும் அதே உயரத்தில் பட்டை. படத்தைச் சேரிடம் காட்டி, அவர் தலையசைத்த பிறகு தொலைபேசி எடுத்தேன்.

"ஐயா, நாலாம் நம்பரும் ஏழாம் நம்பரும் வேணாம். மத்த ஏழுலயும் நோய் தெரியல."

"கொஞ்சம் இரும்மா" என்றார். சாக்குகளில் அவர் கரியால் எண் எழுதி வைத்திருந்தார். அவற்றை இழுத்துப் போடும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. முதலில் ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று.